நெருப்புக்கு அரைப்பேர்

எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு அடிப்பார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். பக்கத்துக் காம்பரா அக்கா அதற்கும் முன்பே எழுந்து, தன் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு, நெருப்புக்கு ஒரு பெரட்டு எடுத்துவிடுவாள். "மொதல்ல தேத்தண்ணி. பொறவு ரொட்டி. பொறவு பருப்பு. தணலு மிஞ்சுனா மரவள்ளிக் கெழங்கு" என்று வாய்விட்டுச் சொல்லுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு ஒன்று விடாமல் கேட்கும்.

தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்தால் முழுப்பேர். பாதியில் வந்துவிட்டால் அரைப்பேர், அரைச் சம்பளம். அந்தக் கணக்கை அவள் அடுப்புக்கும் வைத்திருந்தாள். சோறு வெந்ததும் கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்து, தரையில் தட்டி அணைத்துவிட்டு, "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான், போ" என்பாள். எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த ஒற்றையறைக் காம்பராக்களின் வரிசையில், அவளுக்கு நெருப்புக் கங்காணி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கங்காணி இல்லாட்டி வேலை நடக்குமா?" என்று திருப்பிக் கேட்பாள்.

அது இலங்கையில், அரநாயக்கப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி அங்கே போனபோது எனக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். லயத்தில் பன்னிரண்டு காம்பரா. கடைசிக் காம்பரா அவளுடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. ஆக, அவளோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும்தான். அவள் பெயர் எனக்கு மறக்கவில்லை. எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் வீட்டில் நெருப்புப்பெட்டி கிடையாது. வாங்குவதில்லை என்று ஒரு வைராக்கியம். சாயங்காலம் சமைத்து முடித்ததும் கனத்த கட்டையின் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து வைப்பாள். காலையில் சாம்பலை விலக்கி, நாலு காய்ந்த குச்சியை வைத்து ஊதினால் பிடித்துக்கொள்ளும். "நா கல்யாணமாயி இந்தக் காம்பராவுக்கு வந்த அன்னைக்கு மூட்டுன அதே நெருப்பு" என்று பெருமை அடிப்பாள். நான் நம்பவில்லை. ஆனால் நான் இருந்த காலத்தில் அது ஒருநாளும் அணைந்து பார்த்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

காலையில் பாதி லயம் தேங்காய்ச் சிரட்டையும் கையுமாக அவள் வாசலில்தான் நிற்கும், தணல் வாங்க. எல்லாருக்கும் கொடுப்பாள். கொடுக்கும்போதே ஒரு குட்டும் வைப்பாள். "நேத்து பொழுது சாஞ்சு ஒங்கூட்டுல வெளக்கு எரிஞ்சுச்சே, எல்லாரும் வாசல்லதான் ஒக்காந்திருந்தீங்க. யாருக்கு எரிஞ்சுச்சு அது?" என்று கேட்பாள். யாருக்கு எரியுது என்பது அவள் வாயில் வெற்றிலை மாதிரி எப்போதும் இருக்கும் கேள்வி.

வெள்ளிக்கிழமை மட்டும் அவளும் கொடுக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்கவும், மற்ற நாட்களில் விளக்கு வைத்த பிறகும், எந்த வீட்டிலிருந்தும் நெருப்பு வெளியே போகாது. போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய பயம். உப்பு கூடத் தரமாட்டோம்.

லயத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மாவனல்லையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் காஸ்லைட் என்னும் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எங்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கத்தான் தோன்றியது. அக்கா எழுந்து காம்பராவுக்குப் போனாள். சீலை மாற்றிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். ஒரு கையில் சுளகும் அரிசியும், மறு கையில் கிழிந்த துணிகளும் ஊசி நூலுமாக வந்து, காஸ்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டாள். தாலி கட்டுகிற நேரம் மட்டும் சுளகைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். பிறகு ஒரு வாரத்து அரிசிக்குக் கல் பொறுக்கி முடித்து, மச்சானின் இரண்டு சட்டையையும் தைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அக்காவின் புருஷனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அந்த மனுஷன் வெட்கத்தில் பந்தல் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "இம்புட்டு வெளிச்சம் சும்மாதானே போகுது தங்கச்சி" என்றாள் என்னிடம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வெற்றிலை விற்க வரும் கிராமத்து அம்மா ஒருத்தி, மண்ணெண்ணெய்க்கு ஏன் காசைக் கொட்டுகிறீர்கள், காட்டில் கெக்குண கொட்டை கிடக்கிறதே என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு மூட்டை கெக்குண பொறுக்கி வந்தாள். பருப்பை எடுத்து, ஈர்க்கில் வரிசையாகக் கோத்து, மேல் பருப்பைக் கொளுத்திவிட்டாள். ஒன்று எரிந்து முடிந்ததும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. புகையும் வந்தது. மறுநாள் பெரட்டில் அக்கா, மச்சான் இரண்டு பேரின் மூக்குத் துவாரமும் கன்னங்கரேல் என்று இருந்தது. கணக்கப்பிள்ளையே பேர் எடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மச்சான் அன்று சாயங்காலம் மிச்சக் கொட்டையைத் தூக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கொட்டினார். அக்கா இறங்கிப் போய்ப் பொறுக்கிவந்து காய வைத்தாள். "வாசல்ல வெளக்கு வைக்கவாச்சும் ஆகும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கண்டுபிடித்ததுதான் சுவர் விளக்கு. காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர் கூரை வரை போகாது. ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும். அதற்குமேல் இரண்டு வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே கொசு, ஒரே சண்டைச் சத்தம். மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு ஒன்றை அந்தச் சுவரின் தலையில் வைத்தால் இரண்டு காம்பராவுக்கும் வெளிச்சம் விழும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. ஒருநாள் எங்கள் எண்ணெய், ஒருநாள் அவர்கள் எண்ணெய். யாருக்கும் கூடுதல் குறைவு இருக்கக் கூடாது என்று உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, சுவரின் நட்ட நடுவே கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். லாம்பு அந்தக் கோட்டின்மேல்தான் உட்கார வேண்டும்.

"வெள்ளிக்கிழமையில எங்க வெளிச்சம் ஒங்க வீட்டுக்கு வந்தா லட்சுமி போயிருவாளே" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். அவர் இந்த விஷயங்களில் பிடிவாதக்காரர்.

"நீங்க எங்க தம்பி குடுக்குறீங்க? அது தானா வருது. நெருப்புன்னாதான் கையால குடுக்கணும்" என்றாள் அக்கா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

சில நாள் அவள்மேல் எனக்கு எரிச்சலாகவும் வரும். என் அடுப்படிக்குள் தன்பாட்டுக்கு வந்து, கொதிக்கிற பானைக்கு மூடி போடுவாள். எரிகிற விறகில் ஒன்றை உருவிவிடுவாள். "இவனுக்கு இங்க என்ன வேலை? ரெண்டு பேரு செய்ற வேலைக்கு மூணு பேரா?" என்பாள். என் வீட்டில் நான் ஒரு கட்டை விறகு கூட இஷ்டத்துக்கு எரிக்க முடியாதா என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அப்படித் திட்டிய வாய்தான் இது.

ஆனால் எனக்கு மூத்தவன் பிறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாசம் சுடுதண்ணி ஊற்ற வேண்டும். எனக்குத் தாய் இல்லை. என் வீட்டுக்காரர் காய்ச்சிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்து அக்கா உதட்டைப் பிதுக்கினாள். தன் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள். பரணில் அவள் சேர்த்து வைத்திருந்த நல்ல விறகு, தன் கல்யாண நகை மாதிரி தினமும் எண்ணிப் பார்த்த விறகு, முப்பது நாளில் தீர்ந்தது. "போதும்க்கா, வெறகெல்லாம் போகுதே" என்றேன். "இது வேலை செய்யுற நெருப்பு. முழுப்பேரு போட்டுட்டேன். நீ குனி" என்று தலையில் ஊற்றினாள். அந்தச் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது. ஆறு நாள் வேலை நாலு நாளாயிற்று. ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். இந்தியாவுக்குத் திரும்பிப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், பயணச் செலவு இல்லை என்று போட்டிருந்தது. மச்சான் சிறுவயதில் இந்தியாவிலிருந்து வந்தவர், அங்கே அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். அக்கா இந்த லயத்திலேயே பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எட்டாம் நம்பர் மலையில், ரப்பர் மரங்களுக்குக் கீழே கிடக்கிறார்கள். ஊர் ஊர் என்று மற்றவர்கள் சொல்லும்போது அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேலாக அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"நாலு நாள் வேலையில எப்புடி வயித்தக் கழுவுறது? போயிருவோம்" என்றார் மச்சான்.

"எனக்கு அங்க ஒரு கல்லு கூடத் தெரியாதுங்க. கார்த்திகை வரைக்கும் பாருங்க. நா சமாளிச்சுக் காட்டுறேன். கார்த்திகைக்கு நம்ம வாசல்ல வெளக்கு எரிஞ்சா இருப்போம். இல்லாட்டி நீங்க சொல்ற எடத்துக்கு வாரேன்."

பிறகு அவர் கேட்டார். "சுடுதண்ணி?"

"அதுல கை வைக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

மச்சானுக்குக் கான் வெட்டு வேலை. நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நிற்பார். காலெல்லாம் வெடிப்பு. அந்தத் தோட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வேலை விட்டு வந்தால் ஒரு வாளி சுடுதண்ணி. அக்கா இரண்டாவது தேத்தண்ணியை நிறுத்தினாள், சாயங்காலச் சமையலை நிறுத்தி இரண்டு வேளைக்கும் காலையிலேயே வடித்தாள், தன் கஞ்சியில் பாதியைத் தண்ணீராக்கினாள். ஆனால் அடுப்பின் கடைசித் தணல் மட்டும் அந்த வாளிக்கென்று காத்திருக்கும். புரட்டாசி போயிற்று, ஐப்பசியும் பாதி போயிற்று. அவள் ஜெயித்துவிடுவாள் என்றே எனக்குத் தோன்றியது.

ஐப்பசி மழை எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பிடித்த மழை தகரக் கூரையைப் பிளந்துகொண்டு கொட்டியது. நான் விளக்கு வைத்து, லாம்பைச் சுவரில் கோட்டின்மேல் ஏற்றியிருந்தேன். அன்று எங்கள் முறை. வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. அக்கா. தலை நனைந்திருந்தது, கையில் வெறும் சிரட்டை.

"கூரை ஒழுகி அடுப்பு குளமாப் போச்சு தங்கச்சி" என்றாள். "ஒரு துண்டு தணல் இருந்தா…"

அவள் என் வாசலில் வந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் அடுப்பில் தணல் நிறைய இருந்தது. நான் எழுந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே சொன்னார். "வெள்ளிக்கிழமை. வெளக்கு வேற வச்சாச்சு."

வேலை நாலு நாளாகிவிட்ட காலம் அது. எனக்கும் கைப்பிள்ளை. இருக்கிற கொஞ்சமும் வீட்டை விட்டுப் போய்விடுமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது, அதுதான் உண்மை. அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. "காலையில வெள்ளன தாரேன்க்கா" என்றேன்.

"ஆமால்ல, வெள்ளிக்கிழமை. நா மறந்துட்டேன் பாரு" என்று சிரித்தாள். வெறும் சிரட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. மற்ற வீடுகளுக்கு அவள் போகவும் இல்லை. போனாலும் அன்று யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். நெருப்புப்பெட்டி வாங்கலாம் என்றால் நானாவின் கடை நாலு மைலுக்கு அப்பால்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தார். சட்டையைப் பிழிகிற சத்தம் கேட்டது. "தண்ணி?" என்றார். "இன்னைக்கு இல்லைங்க" என்றாள் அவள். அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் ஆறிப்போன சோற்றைப் பிசைந்து தின்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. லாம்பு சுவரின்மேல்தானே எரிகிறது. உரலில் ஏறி ஒரு குச்சியை நீட்டினால் அவளுக்கு நெருப்பு. நான் கொடுத்ததாக இருக்காது, அவளாக எடுத்ததாக இருக்கும். என் லட்சுமியும் போகமாட்டாள், மச்சானுக்குச் சுடுதண்ணியும் கிடைத்துவிடும். நான் பெட்டியின்மேல் ஏறி, ஒரு அகப்பைக் காம்பால் லாம்பை மெதுவாக அவர்கள் பக்கத்து ஓரத்துக்குத் தள்ளினேன். என் வீட்டுக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் உரல் நகரும் சத்தம் கேட்டது. கூரையில் அவள் நிழல் எழுந்தது. எடுத்துக்கொள்ளக்கா, எடுத்துக்கொள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் கை சுவருக்கு மேலே வந்தது. அதில் குச்சி இல்லை. லாம்பைப் பிடித்து, கரிக்கோட்டின்மேல் சரியாகத் திரும்ப வைத்தாள்.

"லாம்பு ஓரமா இருந்துச்சு தங்கச்சி. விழுந்துரப் போகுது" என்றாள்.

மறுநாள் விடிய முன்பே இரண்டு சிரட்டை நிறையத் தணல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மச்சான் பெரட்டுக்குப் போய்விட்டு, அப்படியே ஆபீசுக்கும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அதை அக்காதான் இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். நான் அழுதேன். "என்னாலதான்க்கா" என்றேன்.

"சும்மா இரு புள்ள. மழையால. இந்தத் தொரைமாரு போட்ட ஓட்டைக் கூரையால" என்றாள். "நானா இருந்தாலும் அன்னைக்குக் குடுத்திருக்க மாட்டேன்." அது எனக்காகச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர்கள் புறப்பட்டார்கள். ரம்புக்கனை ரயிலுக்குப் போக லொறி வந்து நின்றது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை காலை. சாமான்கள் ஏறிவிட்டன, பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். அக்கா மட்டும் தன் வெறுங்காம்பராவுக்குள் போய், சிரட்டையைச் சீலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். சிரட்டை நிறையக் கனிந்த தணல்.

"அக்கா, வெள்ளிக்கிழமை" என்றேன். என்னை அறியாமல்தான் வாயில் வந்தது.

"தெரியும்" என்றாள். "தண்ணி ஊத்தி அணைக்க மனசு வரல. நல்லா வேலை செய்யும் புள்ள. ஒங்கூட்டு அடுப்புல பேரு பதிஞ்சுக்க."

என் வீட்டுக்காரர் எழுந்து வழிவிட்டார். அவளே குனிந்து என் அடுப்பில் தணலைக் கொட்டி, ஒருமுறை ஊதிப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது. உடனே பழக்கதோஷத்தில் என் விறகு ஒன்றை வெளியே உருவினாள். உருவியதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைத் திரும்ப அடுப்புக்குள்ளேயே வைத்துவிட்டுப் போய் லொறியில் ஏறினாள்.

அந்த நெருப்பை நான் ஐந்து வருஷம் காப்பாற்றினேன், அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை.

கார்த்திகை வந்தது. லயத்து வாசலெல்லாம் விளக்கு வைத்தார்கள். கடைசிக் காம்பரா பூட்டிக் கிடந்தது. அவர்கள் போன பிறகு நாங்கள் லாம்பைத் தரையில்தான் வைத்துக்கொண்டிருந்தோம், எண்ணெய் மிச்சமாகும் என்று. அன்று நான் வாசலில் விளக்கை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, என் வீட்டுக்காரர் பெட்டியின்மேல் ஏறி நின்று, குப்பி லாம்பைச் சுவரின் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். கரிக்கோடு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்து, அதன்மேல் சரியாக வைத்தார். பாதி வெளிச்சம் எங்கள் பக்கம் விழுந்தது. மறுபாதி அந்தப் பக்கம் ஆளில்லாத காம்பராவில் விழுந்தது.

யாருக்கு எரியுது என்று நான் கேட்கவில்லை.